பேனல் வைத்தும் பதிவு சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கலாம்

நகர்த்தி வைக்கும் ஒலி உறிஞ்சு பேனலைக் காசு கொடுத்து வாங்கியவர்களும் சரி, ரீப்பரும் (மரச் சட்டம்) ராக்வூலும் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) வாங்கித் தாங்களே செய்துகொண்டவர்களும் சரி, கடைசியில் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "வெச்சேன், பெருசா ஒண்ணும் மாறல." அறையையே அது சரிசெய்துவிடும் என்று நம்பி வைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. நாலு பேனலுக்கு அந்தச் சக்தி கிடையாது. மைக்கைச் சுற்றியுள்ள ஓரிடத்தை அது சரிசெய்யும். பாட்டோ பேச்சோ பதிவதற்கு அதுவே போதும்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.8 மீட்டர் உயரம் உள்ள அறையின் கொள்ளளவு 33.6 கன மீட்டர். சத்தம் அடங்கும் நேரத்துக்கான சபைன் சூத்திரப்படி, 0.161-ஐக் கொள்ளளவால் பெருக்கி, அறையில் உள்ள மொத்த உறிஞ்சு பரப்பால் வகுக்க வேண்டும். 0.3 நொடியில் அடங்க வேண்டுமானால் 18 சதுர மீட்டர் உறிஞ்சு பரப்பு தேவைப்படுகிறது. 60-க்கு 120 செ.மீ. பேனல் ஒன்று, இரண்டு முகத்திலும் வந்ததையெல்லாம் விழுங்குகிறது என்றே வைத்துக்கொண்டாலும் 1.44 சதுர மீட்டர்தான். ஆக, பன்னிரண்டு பதின்மூன்று பேனல் வேண்டும். அத்தனையையும் நிறுத்திவிட்டால் பாடுகிறவர் எங்கே நிற்பது?

அந்தச் சூத்திரம் பிறந்ததே தூக்கிச் சுமக்கும் பொருளால்தான். 1895-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூட உரையரங்கில் பேசுவது ஒன்றும் விளங்கவில்லை என்று, வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை இரவில் அந்த அரங்குக்குக் கொண்டுவந்து, கொஞ்சம் கொஞ்சமாக அடுக்கி, ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்தி, சத்தம் அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார். விடிவதற்குள் மெத்தைகள் திரும்பிப் போயாக வேண்டும். மாற்று, கேள், குறித்துக்கொள் என்ற அந்த முறைதான் இங்கேயும்.

## எதையும் நகர்த்துவதற்கு முன்

மைக் இருக்கும் இடத்தில் நின்று, ஒரு காதை விரலால் அழுத்தி மூடிக்கொண்டு, இன்னொருவரைப் பேசச் சொல்லுங்கள். இரண்டு காதும் திறந்திருக்கும்போது அறையின் முழக்கத்தை மூளை ஓரளவு ஒதுக்கித் தள்ளிவிடும். ஒரு காதை மூடியதும் அந்தச் சலுகை போய்விடும். மைக் கேட்பதற்கு நெருக்கமான ஒன்றை நீங்களும் கேட்பீர்கள். அப்புறம் அதே இடத்தில் அரை நிமிடம் பேச்சைப் பதிவுசெய்து வையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே வாசகம், அதே தூரம், அதே கெயின் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு). ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும்.

## குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது

அதிகம் கேட்கும் புகார் இதுதான். காரணமும் ஒன்றல்ல, மூன்று. எளிதாகச் சோதிக்கக்கூடியதிலிருந்து தொடங்கலாம்.

முதலில் பேனலை மறந்துவிட்டு மைக்குக்குக் கீழே பாருங்கள். மேசை, பாடல் தாள் வைக்கும் ஸ்டாண்ட், லேப்டாப் திரை, ஏதோ ஒரு வழவழப்பான பரப்பு இருக்கும். குரல் நேராகவும் மைக்குக்கு வருகிறது, மேசையில் பட்டுத் தெறித்தும் வருகிறது. இரண்டாவது பாதை 34 செ.மீ. நீளமாக இருந்தால் அது சுமார் 1 மில்லி நொடி தாமதமாக வந்து சேரும். அப்போது 500 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 500 அதிர்வு) இரண்டும் ஒன்றையொன்று அமுக்கி, ஒரு பள்ளம் விழும். 1500-ல் இன்னொன்று, 2500-ல் இன்னொன்று என்று போகும். டப்பாச் சத்தம் என்று காது சொல்வது பெரும்பாலும் இந்தப் பள்ளங்களைத்தான். கெட்டியான போர்வையை நாலாக மடித்து மேசைமேல் போட்டு மறுபடி பதியுங்கள். குறை தீர்ந்தால் புதிதாகப் பேனல் வாங்கும் செலவு மிச்சம்.

தீரவில்லையா? அடுத்து பேனலின் தடிமனைப் பாருங்கள். 2.5 செ.மீ. ஃபோம் உயர் அதிர்வெண்களைச் சாப்பிட்டுவிடும். 200 முதல் 500 ஹெர்ட்ஸ் வரையுள்ள நடுக்கீழ்ப் பகுதியை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். அறையில் மிஞ்சுவது அந்தப் பகுதியின் முழக்கம் மட்டும். பேனல் இல்லாதபோதாவது எல்லாம் சேர்ந்து முழங்கியது. இப்போது மேலே வறண்டு, நடுவில் உப்பிக் கிடக்கிறது. மெல்லிய ஃபோமை இன்னும் நாலு வாங்கி ஒட்டினால் நிலைமை மோசமாகத்தான் ஆகும். எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள், தடிமனைக் கூட்டுங்கள். ராக்வூல் என்றால் 10 செ.மீ. என்பது என் குறைந்தபட்ச அளவு.

இடம் மாற்றினாலே தடிமன் கூடியதுபோல் ஆகும், அது பலருக்குத் தெரிவதில்லை. ராக்வூல், கண்ணாடி இழை, ஃபோம் எல்லாமே காற்றின் அசைவை உராய்வால் தடுத்து வெப்பமாக்கும் பொருட்கள். சுவரை ஒட்டிய இடத்தில் காற்றால் முன்னும் பின்னும் அசைய முடியாது. அசைவு உச்சத்துக்கு வருவது சுவரிலிருந்து கால் அலைநீளம் தள்ளி. 1000 ஹெர்ட்ஸுக்கு அது 8.5 செ.மீ., 250 ஹெர்ட்ஸுக்கு 34 செ.மீ. எனவே அதே பேனலைச் சுவரோடு சாய்த்து வைக்காமல் 10, 15 செ.மீ. முன்னால் நிறுத்தினால் இன்னும் தாழ்ந்த ஒலிகளையும் பிடிக்கும். சுவரில் ஒட்டிய பேனலைவிடக் கால் வைத்த பேனலுக்கு உள்ள பெரிய வசதி இது. செலவில்லாமல் கிடைக்கிறது.

மூன்றாவது காரணம் நெருக்கம். பாடுகிறவரைச் சுற்றி முழங்கை இடிக்கும் தூரத்தில் பேனல்களை நிறுத்தி ஒரு கூண்டு கட்டிவிடுகிறோம். எந்தப் பேனலும் முழுக்க உறிஞ்சுவதில்லை. மிச்சம் தெறிப்பது மிக அருகிலிருந்து, பலமாகத் தெறிக்கிறது. ஒரு மீட்டர் அளவுக்குப் பின்னால் தள்ளி, கூண்டின் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டுப் பதிந்து பாருங்கள். இடம் பெரிதான உணர்வு உடனே கேட்கும்.

## பேனல் நிற்கிறது, அறையின் முழக்கமும் அப்படியே நிற்கிறது

பேனலைத் தப்பான பக்கத்தில் வைத்திருப்பீர்கள். பாட்டுக்குப் பெரும்பாலும் முன்பக்கத்தை நன்றாகக் கேட்கும் கார்டியாய்டு மைக்தான். அதன் முதுகுப்பக்கம் ஏற்கெனவே செவிடு. ஆனால் பலரும் பேனலைக் கொண்டுபோய் மைக்கின் முதுகுப்பக்கம் நிறுத்துகிறார்கள், கண்ணுக்கு அது சரியாகத் தோன்றுவதால். மைக்கின் முகம் பாடுகிறவரைப் பார்க்கிறது. அவருடைய தோளுக்குப் பின்னால் உள்ள சுவரையும் சேர்த்தே பார்க்கிறது. அங்கிருந்து தெறித்து வருவது நேராக மைக்கின் வாய்க்குள் போகிறது. உங்களிடம் ஒரே ஒரு பேனல்தான் இருக்கிறதென்றால் அதன் இடம் பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால். இரண்டு இருந்தால் கீல் போட்டு இணைத்து, 90-லிருந்து 120 டிகிரி வரை விரித்து, அந்த மூலையில் அவரை நிற்க வையுங்கள்.

மைக் ஸ்டாண்டிலேயே மாட்டும் அரைவட்டத் தடுப்புகள் விற்கிறார்களே? குரல் எதிர்ச் சுவரை அடைவதற்கு முன்பே கொஞ்சத்தை அவை பிடித்துவிடும் என்பது உண்மை. ஆனால் மைக் ஏற்கெனவே கேட்காத பக்கத்தில்தான் நிற்கின்றன; முதுகுப்புறச் சுவருக்கு அவற்றிடம் பதில் இல்லை. வாங்கிவிட்டவர்கள் தூக்கி எறிய வேண்டாம். பின்னால் ஒரு தடித்த பேனலைச் சேர்த்துக்கொண்டால் இரண்டும் சேர்ந்து நன்றாகவே வேலை செய்யும்.

முன்னும் பின்னும் கேட்கும் எட்டு வடிவ மைக் என்றால் பக்கவாட்டுதான் செவிடு. முன்னும் பின்னும் பேனல் வேண்டும். எல்லாத் திசையும் கேட்கும் மைக் என்றால் பாடுபட வேண்டியதுதான்.

பின்னால் நிறுத்தியும் குறையவில்லையா, அண்ணாந்து பாருங்கள். தாழ்வான கூரையும் வழவழப்பான தரையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். தரைக்குக் கம்பளம் போடுவோம், கூரையை யாரும் நினைப்பதில்லை. இரண்டு உயரமான பேனல்களின் தலைமேல் மூன்றாவதைப் படுக்க வைத்து, நழுவாதபடி கட்டிவிட்டால் ஆயிற்று.

## கைதட்டினால் டர்ர்ர் என்று ஒரு அதிர்வு

எதிரெதிரான இரண்டு வெற்றுச் சுவர்களுக்கு நடுவே சத்தம் பந்தாடுகிறது. ஒரு பக்கச் சுவருக்கு முன்னால், காது உயரத்தை மறைக்கும்படி ஒரு பேனலைக் கொஞ்சம் கோணலாக நிறுத்துங்கள். பெரும்பாலும் அத்தோடு போய்விடும். இந்தப் பட்டியலில் சுலபமாகத் தீரும் நோய் இதுதான்.

## குரலில் உயிரே இல்லை, போர்த்தி மூடியதுபோல் இருக்கிறது

உயர் அதிர்வெண்களை அளவுக்கு மீறி விழுங்கிவிட்டீர்கள். அறையைப் போர்வையால் சுற்றியவர்களுக்கும், எல்லாப் பேனலையும் ஒரே இடத்தில் குவித்தவர்களுக்கும் இது வரும். ஒன்றிரண்டை வெளியே எடுங்கள். செய்வதற்கு முன் இதைப் படிக்கிறீர்கள் என்றால், பேனலின் ஒரு முகத்தைத் துணியாகவும் மறுமுகத்தைப் பிளைவுட்டாகவும் வைத்துவிடுங்கள். பேச்சுக்குத் துணி முகம். அகௌஸ்டிக் கிட்டார், வயலின் போன்றவற்றுக்கு மர முகத்தைத் திருப்பினால் கொஞ்சம் பளிச்சென்று இருக்கும். ஆனால் பிளைவுட் முகம் இருக்கும்போது பின்பக்கத்திலிருந்து உறிஞ்சாது என்பதை நினைவில் வையுங்கள். மேலே போட்ட 1.44 சதுர மீட்டர் கணக்கு அங்கே பாதியாகிவிடும்.

## பேஸ் மட்டும் ஊதுகிறது

பேனலைத் தொடுவதற்கு முன் வாயை மைக்கிலிருந்து ஒரு சாண் பின்னால் எடுங்கள். கார்டியாய்டு மைக்கை மிக நெருங்கினால் அதுவே பேஸைத் தூக்கிக் காட்டும். பின்னால் வந்ததும் சரியானால் அறைமேல் பழி போட வேண்டியதில்லை.

தள்ளி நின்றும் சில சுரங்கள் மட்டும் வீங்கினால் அது அறையின் நிலை அலை, அதாவது எதிரெதிர்ச் சுவர்களில் முட்டித் திரும்பி அங்கேயே நிற்கும் அலை. ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். அதை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் முதல் அதிர்வெண் கிடைக்கும். 3.4 மீட்டர் நீள அறைக்கு ஏறக்குறைய 50 ஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் ஏழு மீட்டருக்குப் பக்கம். 10 செ.மீ. பேனல் அதற்கு எதிரே நின்று ஒன்றும் செய்ய முடியாது. யாராவது செய்யும் என்று விற்றால் நம்ப வேண்டாம். மைக்கைச் சுவரிலிருந்தும் மூலையிலிருந்தும் விலக்கி, அரை மீட்டர் அரை மீட்டராக நகர்த்திக் கேளுங்கள். குரல் பதிவுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் அந்த அறையில்தான் பதிய வேண்டும் என்றால் மூலைகளில் நிரந்தரமான, மிகத் தடித்த உறிஞ்சிகள் கட்ட வேண்டும். அது வேறு வேலை.

## வெளியே போகும் வண்டிச் சத்தம் உள்ளே வருகிறது

பேனலால் ஆகாது. உறிஞ்சுவது வேறு, தடுப்பது வேறு. தடுப்பதற்கு எடையும், இடுக்கில்லாத மூடலும் வேண்டும். முட்டை அட்டை ஒட்டினாலும் ஆகாது. அதற்கு எடையும் இல்லை, தடிமனும் இல்லை. கதவின் அடி இடுக்கை அடைப்பதில் தொடங்குங்கள்.

## டிரம்ஸ் சத்தம் எல்லா மைக்கிலும் புகுந்துவிடுகிறது

ஒரே அறையில் எல்லாரும் சேர்ந்து வாசிக்கும்போது நடுவே நிறுத்தும் தடுப்பை ஸ்டுடியோக்காரர்கள் கோபோ என்பார்கள். இதற்கு வெறும் ராக்வூல் பேனல் போதாது, சத்தம் அதன் வழியாக ஓரளவு கடந்துவிடும். நடுவில் 12 அல்லது 18 மில்லிமீட்டர் பிளைவுட், இரு பக்கமும் 5 செ.மீ. ராக்வூல் என்ற அமைப்பு வேண்டும்.

அப்படியும் எல்லாம் நிற்காது. சிம்பல் நன்றாகக் குறையும், கிக் டிரம் குறையவே குறையாது. 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3.4 மீட்டர், 1.2 மீட்டர் தடுப்பை அது சுற்றிக்கொண்டு போய்விடும். எதிர்பார்ப்பை அங்கே வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை. சிம்பலே குறையவில்லை என்றால் அடியில் பாருங்கள்: கால் வைத்த பேனலுக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருக்கும். அங்கே ஒரு கம்பளச் சுருளைத் திணியுங்கள். அப்புறம் மைக் தூரம்: ஒரு மைக் தன் வாத்தியத்திலிருந்து எவ்வளவு தூரமோ, அடுத்த மைக் அதிலிருந்து குறைந்தது மூன்று மடங்கு தூரத்தில் இருக்கட்டும். இது பழைய விதி, இன்றும் உதவும்.

## என்.ஆர்.சி. 1.0 என்று போட்டிருந்தது, நம்பி வாங்கினேன்

என்.ஆர்.சி. என்பது பேனல் எவ்வளவு ஒலியை உறிஞ்சும் என்று காட்டும் எண். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. 250, 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் என்ற நான்கு இடங்களில் எடுத்த உறிஞ்சு எண்களின் சராசரி அது, 0.05-க்கு நெருக்கமாகச் சரிசெய்யப்பட்டது. 125 ஹெர்ட்ஸ் கணக்கிலேயே இல்லை. ஆண் குரலின் அடித்தளம் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். 1-க்கு மேல் எண் போட்டிருந்தாலும் மலைக்க வேண்டாம். சோதனைக்கூடத்தில் பேனலின் விளிம்புகளும் சேர்ந்து வேலை செய்வதால் அப்படி வரும். நூறு சதவீதத்துக்கு மேல் எதுவும் விழுங்க முடியாது.

விற்பவரிடம் அதிர்வெண் வாரியான அட்டவணையைக் கேளுங்கள். கிடைத்ததும் பொருத்திய முறை என்ன என்று பாருங்கள். ஏ (A) என்றால் பரப்போடு ஒட்டி வைத்து அளந்தது. இ-400 (E-400) என்றால் பின்னால் 400 மில்லிமீட்டர் காற்று இடைவெளி விட்டு அளந்தது. அதே பேனலுக்குத் தாழ்ந்த அதிர்வெண்களில் அங்கே பெரிய எண் கிடைக்கும். இரண்டு நிறுவனங்களின் எண்களை ஒப்பிடும்போது இதைக் கவனிக்காவிட்டால் கணக்கு தப்பிப்போகும். அட்டவணையே தர மறுப்பவரிடம் நான் வாங்கமாட்டேன்.

## புதுத் துணி போர்த்தியதும் பலன் போய்விட்டது

துணியை உதட்டில் ஒட்டி வைத்து ஊதுங்கள். மறுபக்கம் வைத்த உள்ளங்கையில் மூச்சு தாராளமாகப் பட்டால் அது நல்ல துணி. படவில்லை என்றால் உயர் அதிர்வெண்களும் உள்ளே போகாது, துணியிலேயே பட்டுத் திரும்பிவிடும். ரெக்சின், பின்புறம் ரப்பர் பூசிய திரைத்துணி, நெருக்கமாக நெய்த சோஃபாத் துணி எல்லாம் இதில் தோற்கும். சணல் துணி, பருத்தி, ஸ்பீக்கர் துணி ஜெயிக்கும். ஃபோமுக்குக் கெட்டியாக பெயின்ட் அடிப்பதும் இதே தப்புதான்.

## தொட்டால் அரிக்கிறது, தூக்கினால் தூள் கொட்டுகிறது

துணிக்கு அடியில் ராக்வூலை நேராக வைத்துவிட்டீர்கள். ஆணியைப் பிடுங்கி, மெல்லிய நெய்யாத துணி ஒன்றால் ராக்வூலை முதலில் பொட்டலம்போல் மடித்து, அப்புறம் மேல்துணி போர்த்துங்கள். வேலை செய்யும்போது கையுறை, முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை அவசியம். முடிந்ததும் குளிர்ந்த நீரில் கையைக் கழுவுங்கள்.

நடுவில் தொங்கிப்போகிறது என்றால் வாங்கிய பஞ்சு லேசானது. கன மீட்டருக்கு 45 முதல் 60 கிலோ உள்ள பலகையாக வாங்கினால் தன் வடிவத்தைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். 60-க்கு 120 செ.மீ., 10 செ.மீ. தடிமன், 60 கிலோ அடர்த்தி என்றால் ராக்வூல் மட்டும் 4.3 கிலோ, சட்டத்தோடு சேர்த்தும் ஒருவர் தூக்கும் எடைதான்.

தீ பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2003-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஸ்டேஷன் இரவு விடுதியில் மேடை வாணவேடிக்கை சுவரில் ஒட்டியிருந்த ஃபோமில் பற்றி 100 பேர் இறந்தார்கள். பேக்கிங்குக்கு வரும் ஃபோமை ஸ்டுடியோவில் ஒட்டாதீர்கள். ராக்வூல் 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டித்தான் உருகும். ஆனால் அதன்மேல் போர்த்தும் துணி எரியும், அதனால் துணிக்கும் தீத்தடுப்புச் சான்று கேளுங்கள்.

## ஸ்னேர் அடித்தால் பேனலும் சேர்ந்து கிர்ர்ர் என்கிறது. லேசாக இடித்தால் சாய்கிறது

அதிரும் இடத்தைக் கண்டுபிடிக்க, ஸ்பீக்கரில் 60 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒற்றைச் சுரத்தை ஓடவிட்டு, பேனலின் ஒவ்வொரு மூலையாக விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். அழுத்தியதும் சத்தம் நின்ற இடம்தான் குற்றவாளி. பெரும்பாலும் துணி தொய்ந்த மூலை, பிடிப்பு விட்ட ஸ்டேப்பிள், அல்லது சட்டத்தில் முழுதாகப் பொருந்தாத பின்பலகை. பின்பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஃபெல்ட் பட்டை ஒட்டி, ஸ்குரூவை மறுபடி முடுக்குங்கள். கீலிலிருந்து வந்தால் அதன் இரு தகடுகளுக்கும் அடியில் மெல்லிய ரப்பர் வைக்கலாம்.

சாய்வதற்குக் காரணம் குட்டையான கால். பேனலின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது காலின் நீளம் இருக்க வேண்டும்: 180 செ.மீ. பேனலுக்கு முன்னும் பின்னுமாகச் சேர்த்து 60 செ.மீ. அவ்வளவு இடம் இல்லையென்றால் இருக்கும் காலின்மேல் மணல் பை போடுங்கள். சக்கரம் மாட்டியிருந்தால் நாலில் இரண்டுக்காவது பிரேக் வேண்டும். சக்கரத்தின் உயரத்தால் அடியில் இடைவெளி கூடும் என்பதால், பேனலின் கீழ்விளிம்பில் தரையைத் தொடும்படி ஒரு கம்பளப் பட்டையையும் அடித்துவிடுங்கள்.